கூப்பிடாத வீடு

"பாய், எழுந்திருங்க."

அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. மார்கழி வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. மணலின் மேல்தோல் மட்டும் காய்ந்திருந்தது. விரலால் கீறினால் உள்ளே ஈரம். ஆண்கள் நடுவில், பெண்கள் கோயில் சுவரை ஒட்டி. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. ஆனாலும் எல்லம்மாள் எழுந்து, ஆண்களின் வரிசையைத் தாண்டி வந்து, ஓரத்தில் பலகைப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த என்னிடம் அப்படிச் சொன்னார்.

"நீங்க தேதி போட்டு எல்லாத்தையும் எழுதி வெக்கற ஆளு. அன்னிக்கு இன்னா எழுதினீங்களோ, அத்த இங்க படிங்க."

என் மடியில் துணிப்பை. பைக்குள் பதினான்கு வருடப் பழைய டைரி. காலையில் அதை எடுத்துப் பைக்குள் வைத்தபோது, அதைப் படிக்கப்போகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

கூட்டத்தின் நடுவில் கேசவன் நின்றிருந்தார். ஊர்க் கமிட்டித் தலைவர். கட்சியில் ஒன்றிய அளவில் பதவி. அடுத்த முறை சட்டமன்றத்துக்கு நிற்க இடம் கிடைக்கும் என்று பேச்சு. அவருக்கு எதிரே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லம்மாளின் கணவர் முனுசாமி. முனுசாமி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏரியில் அவர் இழந்த உரிமை திரும்பக் கிடைத்துவிடும். அந்த ஒரு வார்த்தையைப் பதினான்கு வருடமாக அவர் சொல்லவில்லை.

நான் எழுந்தேனா என்பதற்கு முன், அந்த உரிமை என்ன, அந்த வார்த்தை என்ன என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பத்தியில் வாரம் தவறாமல் தேதியும் கிழமையும் தருபவன், இந்த வாரம் அவற்றைத் தரவில்லை. டைரியில் இருக்கின்றன. ஆனால் இதில் வருபவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே கரையில்தான் இருக்கிறார்கள். குப்பத்தின் பெயரையும் அதனால்தான் விட்டுவிட்டேன்.

மூன்று குரல்

பழவேற்காட்டில் படகுத்துறைக்கு அருகே எங்கள் நூல்கடை. வலை நூல், ஈயக்குண்டு, மிதவைக் கட்டை விற்போம். நூல் வாங்க வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருவதும் எப்படியோ என் வேலையாகிவிட்டது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். நான் அவர்கள் ஊர்க்காரன் அல்ல, எந்தப் பக்கமும் சாய மாட்டேன் என்பது இன்னொரு காரணம். அதனால் இந்தக் கதை நடந்த குப்பத்தின் தீர்ப்புகளையும் நான்தான் நோட்டில் எழுதுவேன்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் படாது. நீரோட்டம் இறாலைக் கொண்டுவந்து சேர்க்கிற இடங்கள் சிலவே. அங்கே முறை வைத்து வலை கட்டும் உரிமைக்குப் 'பாடு' என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு முறை. தகப்பன் பெயர் தலைக்கட்டுப் பட்டியலில் இருந்தால்தான் மகன் கல்யாணம் ஆனதும் அதில் சேர முடியும். பாடு இல்லாதவன் கழுத்தளவு நீரில் நின்று கையால் தடவித்தான் இறால் பிடிக்க வேண்டும்.

சில வருடங்களில் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள வழி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் உப்புநீரும் வராது, இறால் குஞ்சும் வராது. அப்போது ஊர் கூடி மண்வெட்டியுடன் போய் வெட்ட வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆண் வந்தே ஆக வேண்டும். வராத வீட்டின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வெட்டுக்கு முந்தின நாள், ஊர் சார்பில் ஒருவர் வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, அந்த வீட்டு ஆணின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து யாராவது "கேட்டோம்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஊரெல்லாம் தெரிந்த சேதியானாலும் சரி, வாசலில் வந்து கூப்பிட்டால்தான் கணக்கு. கூப்பிடாத வீட்டுக்குக் குற்றம் இல்லை.

அந்தக் காலத்தில் ஊரை நடத்தியவர் பெரியதனக்காரர் ஆறுமுகம். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும். அவர் வாயிலிருந்து வருவதை வாங்கி ஊருக்கு உரக்கச் சொல்பவர் கேசவன். வாசல் வாசலாகக் கூப்பிடப் போகிறவரும் அவர்தான். நல்ல கணீர்க் குரல். காற்று எதிர்த்து அடித்தாலும் அக்கரையில் கேட்கும்.

மழைக்கு ஒதுங்கியவர்

அவசரநிலை வந்து சில மாதங்கள் ஆகியிருந்த ஒரு புரட்டாசி. மறுநாள் விடியலில் முகத்துவாரம் வெட்டுவதென்று பெரியதனக்காரர் முடிவு செய்திருந்தார்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கேசவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையில் போட்டிருந்த கோணியை உதறியபடி கடைக்குள் வந்தார். எல்லா வீடுகளுக்கும் போய்விட்டார். முனுசாமியின் வீடு மட்டும் பாக்கி. அது குப்பத்திலிருந்து தள்ளி, ஓடைக்கு அப்பால் ஒரு திட்டின்மேல் தனியாக இருந்தது. அங்கே போக முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும்.

"ஓடையில தண்ணி ஏறிக்கிச்சு பாய். கொஞ்சம் வடியட்டும்" என்று மூட்டையின்மேல் உட்கார்ந்தார். எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. நான் டைரியைத் திறந்து மழை தொடங்கிய நேரத்தைக் குறித்தேன்.

"இன்னா பாய், நான் தும்மினா அத்தக்கூட எழுதிக்குவீங்களா?"

"பெரிய தும்மலா இருந்தா எழுதுவேன்."

சிரித்தார். அவர் சிரித்தால் நமக்கும் சிரிப்பு வரும். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மழை விடவில்லை. நடுவில் பெரியதனக்காரரின் மருமகன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து கடை வாசலில் நின்றார்.

"மாமா கேக்கறாரு. முனுசாமி ஊட்ல சொல்லியாச்சா? தண்ணி ஏறிக்கினு கீதே, போய்ட்டு வந்தியான்னு கேட்டுனு வரச் சொன்னாரு."

கேசவன் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "ஆச்சுன்னு சொல்லு, போ."

மருமகன் போனதும் என் பக்கம் திரும்பினார். "இப்பப் போய்டுவேன் பாய். சும்மா கெழவரைப் பதற வெக்கறது எதுக்கு?"

மழை விட்டபோது ஐந்தரை மணி. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஓடைப் பக்கம் போகவில்லை. வீட்டுப் பக்கம் போனார். கடை வாசலில் நின்றால் இரண்டு பாதையும் தெரியும்.

இதில் வன்மம் எதுவும் இல்லை. சேற்றுக்குப் பயந்த சோம்பல்தான். எப்படியும் யாராவது முனுசாமிக்குச் சொல்லியிருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. கேசவன் சொல்லியிருப்பார் என்று ஊரும் நினைத்திருந்தது.

மறுநாள் விடியலில் முனுசாமியும் எல்லம்மாளும் வழக்கம்போல் வலையோடு ஏரிக்குப் போனார்கள். எல்லம்மாள் பின்னால் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "நாங்க மீனோட கரையேறி வர்றோம் பாய். எதிர்ல ஊரே மம்முட்டியும் சேறுமா வருது. ஒருத்தரும் பேசல. எங்க கூடையத்தான் பாத்தாங்க."

நான் எழுதிய தீர்ப்பு

இரண்டு நாள் கழித்து ஊர் கூடியது. பெரியதனக்காரர் கேட்டதைக் கேசவன் உரக்கக் கேட்டார்.

"முனுசாமி, ஏன் வரல?"

"யாரும் வந்து கூப்புடல."

பெரியதனக்காரர் தலையைத் திருப்பிக் கேசவனைப் பார்த்தார். "கூப்பிட்டேன்" என்றார் கேசவன். அதைச் சொன்ன அதே குரல், கொஞ்ச நேரத்தில் தீர்ப்பையும் சொன்னது. முனுசாமியின் பெயர் எடுக்கப்படுகிறது. தப்பு நடந்துவிட்டது என்று ஊர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லும்வரை பாடு இல்லை.

நான் எழுதினேன். என் பேனா நிற்கவில்லை. கடையில் உட்கார்ந்து கேட்டதை வெளியில் சொல்கிற கடைக்காரனிடம் யார் நூல் வாங்குவார்கள் என்று நினைத்தேன். இது அவர்கள் ஊர் விவகாரம் என்று நினைத்தேன். ஊர்க்காரன் அல்லாதவனை எழுத வைத்ததே உண்மையை எழுதத்தான் என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

கேசவன் உட்கார்ந்த நாள்

டில்லியில் ஆட்சி மாறிய வருடம் அது. கோடை. அதற்கு முந்தைய சில வருடங்களில் பெரியதனக்காரர் ஐந்து வீடுகளின் பெயரை எடுத்திருந்தார். இளைஞர்களுக்குக் கோபம். புது வலைகளுக்கு அவர் அனுமதி தராததில் இன்னும் கோபம். கூட்டத்துக்கு அவர் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பது வழக்கம். அன்றைக்கு யாரும் எழவில்லை.

பெரியதனக்காரர் தன் இடத்தில் வந்து நின்றார். வழக்கம்போல் பக்கத்தில் கேசவன். பெரியவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். கேசவன் அதை உரக்கச் சொல்லவில்லை. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு அடி முன்னால் நடந்து, இளைஞர்களுக்கு நடுவில் போய் மணலில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். கல்லெறி இல்லை, கைகலப்பு இல்லை. பெரியவர் இன்னொரு தடவை ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, எங்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இருபது வருட அதிகாரம் முடிந்த விதம் அது.

அடுத்த வாரமே கமிட்டி. தலைவர் கேசவன். "இனிமே பெரியதனம் கெடையாது. சீட்டு எழுதிக் குலுக்கிப் பாடு விடுவோம். ஏழைக்கும் ஒரு சீட்டு, பணக்காரனுக்கும் ஒரு சீட்டு" என்றார். நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் நடக்கிறது. கிணறு வந்தது, தெருவிளக்கு வந்தது, படகுத்துறைக்குப் போகும் பாதையில் செம்மண் விழுந்தது. இதையெல்லாம் கேசவன்தான் கொண்டுவந்தார். விட்டுவிட்டால் நான் எழுதுவது வரலாறு ஆகாது.

பெயர் எடுக்கப்பட்ட ஐந்து வீடுகளில் நான்கு, ஊர் முன்னால் வந்து "தப்பு ஆயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பட்டியலில் சேர்ந்தன. முனுசாமி வரவில்லை.

"கூப்புடாத ஊட்டுக்கு இன்னா தப்பு?" என்றார்.

ஒன்று அவர் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அல்லது கூப்பிடவில்லை என்று கூப்பிடப் போனவர் ஒத்துக்கொள்ள வேண்டும். முறை அதுதான். கூப்பிடப் போனவரோ இப்போது ஊருக்கே தலைவர்.

கேசவன் இதை எப்படிச் சமாளித்தார் என்பது கவனிக்கத்தக்கது. "நான் கூப்பிட்டேன்" என்று அவர் மறுபடி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "அது பெரியதனத்துத் தீர்ப்பு" என்று மட்டும் சொல்வார். பழைய காலத்துக் கொடுமைகளில் ஒன்றாக, வருடத்துக்கு வருடம், அது பெரியவரின் கணக்கில் ஏறிக்கொண்டே போனது.

தூரதேசத்து மாடி

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. சென்ற வாரம் அனுப்பம்பட்டிலிருந்து ஒரு வாசகர், 'நீங்கள் உள்ளூர்க் கதையை விட்டு உலகத்துக்கு ஓடிவிடுகிறீர்கள்' என்று கடிந்து எழுதியிருந்தார். பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதைக்கு அது தேவை.

எண்பதுகளின் கடைசி மார்கழி. கடையில் மாலை நேரத்தில் சிற்றலை வானொலி வைப்பேன். ருமேனியாவிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. அந்நாட்டுத் தலைவர் மாடியில் நின்று பேச, கீழே சதுக்கத்தில் கைதட்ட வந்த கூட்டமே கூச்சலிடத் தொடங்கிவிட்டது. மறுநாள் அவர் ஓடவேண்டியதாயிற்று. சில நாளில் எல்லாம் முடிந்தது.

கேசவனும் அன்றைக்குக் கடையில் இருந்தார். காதை வானொலியிடம் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், செய்தி முடிந்ததும் சொன்னார்: "அந்தாளு மாடில நின்னிருக்கக் கூடாது பாய். கூட்டத்துக்குள்ள நின்னிருக்கணும்."

அரசியலைப் பற்றி நான் கேட்ட வாக்கியங்களில் அதைவிடக் கூர்மையானது அதிகம் இல்லை. கேசவன் எந்தக் கூட்டத்திலும் மேடை ஏற மாட்டார். மணலில், ஆட்களுக்கு நடுவில் நின்றுதான் பேசுவார்.

அதன்பின் ருமேனியச் செய்திகளை நான் விடாமல் படித்தேன். பழைய கட்சியில் இரண்டாம் வரிசையில், மூன்றாம் வரிசையில் இருந்தவர்கள் பலர் புதிய ஆட்சியில் முதல் வரிசைக்கு வந்திருந்தார்கள். ஓர் அரசியல்வாதியின் படங்களை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிவைத்தேன். பெயர் வேண்டாம். தேர்தலில் நின்றார், அமைச்சரானார், தோற்றார், மறுபடி வந்தார். ஒவ்வொரு படத்தையும் ஒட்டும்போது எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. விழுந்தவர் தலையில் எல்லாப் பழியும் ஏறியபின், பக்கத்தில் நின்றவர் செய்தது எந்த நோட்டில் இருக்கும்? அந்த ஊரிலும் நூல்கடைக்காரன் ஒருவன் இருந்திருப்பானா?

பெண் வீட்டார் கேட்ட கேள்வி

வானொலியில் அந்தச் செய்தி ஓடிய அதே வாரம் எல்லம்மாள் கடைக்கு வந்தார். கையில் தூக்குவாளி. இறால் தடவித் தடவி விரல் நுனிகள் வெளுத்து ஊறிப்போயிருந்தன.

"பாய், ஏழுமலைக்குப் பொண்ணு பாத்துக்கீறோம். லைட்ஹவுஸ் குப்பத்துல."

"நல்ல விஷயமாச்சே எல்லம்மா."

"இன்னா நல்ல விஷயம்? 'பாடு கீதா?'ன்னு கேட்டாங்க. இல்லன்னா பொண்ணு இல்லையாம். அவங்க கேக்கறதுலயும் தப்பு இல்ல. என்னாட்டம் தண்ணியில நின்னு சாவறதுக்கா பொண்ணக் குடுப்பாங்க?"

"முனுசாமி ஒரு வார்த்தை…"

"அவரு சொல்ல மாட்டாரு. பெத்த புள்ள காலப் புடிச்சிக் கேட்டான்: 'நைனா, எனக்கோசரம் சொல்லு நைனா'ன்னு. மூஞ்சத் திருப்பிக்கினாரு. ராவெல்லாம் தூங்கல. ஆனா சொல்ல மாட்டாரு." தூக்குவாளியைக் கீழே வைத்தார். "நீங்க பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு என் தங்கச்சி பொண்ணு பொறந்த நாள நோட்டுல பாத்துச் சொன்னீங்களே. அந்த மாதிரி, மொவத்தொரம் வெட்டின வருசத்து நோட்டுல எங்க சமாச்சாரம் எதுனா இருக்குதா?"

எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். "தேடிப் பார்க்கணும்" என்றேன்.

எல்லம்மாள் என் முகத்தையே பார்த்தார். "தேடுங்க பாய். நாளன்னிக்கி சீட்டுக் குலுக்கறாங்க. அன்னிக்கு உட்டா அடுத்த வருசந்தான். பொண்ணு ஊட்டார் அதுவரைக்கும் நிக்க மாட்டாங்க."

அடுத்த வரி

இனி, சீட்டுக் குலுக்கும் அந்த நாளின் கோயில் மணலுக்குத் திரும்பலாம்.

கேசவன் அன்றைக்குக் கனிவாகத்தான் பேசினார். "முனுசாமி அண்ணே, பதினாலு வருசம் ஆச்சு. நம்ம ஏழுமலைக்குக் கல்யாணம். 'தப்பு ஆயிடுச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லு. இதே நிமிசம் உன் பேர எழுதச் சொல்றேன்."

"கூப்புட்டவன் அம்மன் மேல கைய வெச்சுக் கூப்புட்டேன்னு சொல்லட்டும். நான் ஊர் கால்ல உழறேன்."

"பழங்கதை எதுக்குண்ணே இப்ப?"

அப்போதுதான் எல்லம்மாள் எழுந்தார்.

நானும் எழுந்தேன். டைரியைத் திறந்தேன். தாள் பழுத்து, மை பழுப்பாகிவிட்டிருந்தது. முதல் சில வரிகளைப் படித்தேன்: "மழை. மூன்று மணிக்குக் கேசவன் கடைக்கு வந்தார். ஐந்தரைக்குப் போனார். முனுசாமி வீட்டுக்கு இன்னும் போகவில்லை என்றார். ஓடைப் பாதையில் போகவில்லை."

முன்வரிசையில் ஒரு கிழவர், "அப்ப போவவே இல்லியா?" என்றார்.

கேசவன் தலையைக் குனிந்தார். மூன்று, நான்கு மூச்சு விடும் நேரம். நிமிர்ந்தபோது கைகளைக் கூப்பியிருந்தார். கண்ணில் நீர். அது பொய் நீர் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

"பாய் படிச்சது நெசம். நான் போவல. ஊரு என்ன மன்னிக்கணும்." குரல் கணீரென்று எழுந்தது. "ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தக் காலத்துல ஒரு ஊட்டுக்குப் போவறதும் போவாததும் என் இஷ்டமா? யார் சொல்லி நான் போனேன்? யார் சொல்லி நிப்பேன்? உங்களுக்குத் தெரியாதா?"

பெயர் சொல்லவில்லை. பார்வையை மட்டும் திருப்பினார். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அங்கே, கடைசி வரிசையில், எல்லோரையும் போல ஒரு தலைக்கட்டாக, பழைய பெரியதனக்காரர் ஆறுமுகம் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டவர்.

என் விரல் அடுத்த வரிக்குப் போயிருந்தது. 'இடையில் பெரியதனக்காரர் ஆள் அனுப்பி, முனுசாமி வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்று கேசவன் சொல்லி அனுப்பினார்.' அன்றைக்கு வந்த மருமகன் எப்போதோ காசிமேட்டுக்குப் பிழைக்கப் போய்விட்டார். அந்த வரியையும் என்னையும் தவிர வேறு சாட்சி அங்கே இல்லை.

வாயைத் திறந்தேன்.

"போதும் பாய். உக்காருங்க" என்றார் எல்லம்மாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். பெரியவர் கையை மணலில் ஊன்றி எழுந்தார். அவர் குரல் அப்போதும் சன்னம்தான். ஆனால் அவ்வளவு நிசப்தத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

நான் உட்கார்ந்தேன்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. கேசவன் முனுசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பேரு எழுதுங்க பாய்!" என்று யாரோ கத்தினார்கள். நான் பட்டியலில் முனுசாமியின் பெயரை எழுதினேன். கீழே, கல்யாணத்துக்குப் பின் சேர்க்க என்று குறித்து, ஏழுமலையின் பெயரையும்.

முனுசாமி கையை விடுவித்துக்கொண்டு பெரியவரிடம் போனார். முகத்துக்கு நேராக நின்றார். "எனக்கு இன்னா பண்ணிட்டீங்க நீங்க" என்றார். முனுசாமி காறித் துப்பினார். மணலில்தான் துப்பினார், ஆனால் ஊர் பார்க்கத் துப்பினார்.

பெரியவர் சொன்னது

மறுநாள் காலை பெரியவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியவரே அப்படிச் சொன்னீங்க? நீங்க ஆள் அனுப்பிக் கேட்டீங்க. நான் இருந்தேன் அங்க."

"இருந்தீங்க. அப்புறம் தீர்ப்ப எழுதினதும் நீங்கதான்" என்றார். கடிந்து சொல்லவில்லை. தகவல்போல் சொன்னார். எனக்கு உட்கார இடம் காட்டினார்.

"நான் கேட்டேன், கேசவன் ஆச்சுன்னான். செரி. ஆனா முனுசாமி என் எதிர்ல நின்னு 'யாரும் வரல'ன்னான். ரெண்டு பேர்ல ஒருத்தன நம்பினேன், ஒருத்தன நம்பல. நம்பாம உட்டது யாரு? கேசவனா?"

நான் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து நான் 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா இன்னா ஆவும்? நான் ஒரு பேச்சு, கேசவன் ஒரு பேச்சு. சண்ட நாலு மாசம் ஓடும். அந்தப் பொண்ணு வேற ஊட்டுக்குப் போய்டும்." வலையை மடியில் போட்டார். "நோட்டுல இருக்கறது இருக்கட்டும் பாய். முனுசாமி இருக்கறவரைக்கும் தொறக்காதீங்க. நான் செய்யாத தப்ப ஒத்துக்கினு அவனுக்குப் பாடு வந்துதுன்னு தெரிஞ்சா, அப்பவே திருப்பிக் குடுத்துடுவான். அவன் அப்பிடிப்பட்ட ஆளு."

ஏழுமலையின் கல்யாணம் தையில் நடந்தது. கேசவன் முன்னால் நின்று நடத்திவைத்தார். அவர் அரசியலில் மேலே போனார். இரண்டு தேர்தல்களில் நின்றார், ஒன்றில் வென்றார். 'என் தப்பை ஊர் முன்னால் ஒத்துக்கொண்டவன் நான்' என்று அவர் கூட்டங்களில் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஜனங்கள் கைதட்டுவார்கள். அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. சாவுக்கு வந்த கூட்டம் பொன்னேரிச் சாலைவரை நின்றது.

பெரியவர் அந்த மார்கழிக்குப் பின் நான்கு வருடம் இருந்தார். முனுசாமி அவர் வாசலை மிதிக்கவில்லை. சாவுக்கும் போகவில்லை. ஆனால் முனுசாமி வீட்டுப் பாடு வருகிற நாளில் எல்லாம் எல்லம்மாள் ஒரு கை இறாலை இலையில் கட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுப் பின்வாசலுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற ஐப்பசியில் முனுசாமி இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் எல்லம்மாளைப் பார்க்கப் போனேன். இதை எழுதப்போகிறேன் என்றேன். அன்றைக்குப் படிக்காமல் விட்ட வரியைச் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது பாய். ஆனா நீங்க வெரல எடுக்கல. இன்னும் ஒரு வரி கீதுன்னு தெரிஞ்சுது. கேசவன் மூஞ்சியும் அத்தச் சொல்லிச்சு. அந்த வரியப் படிச்சா சண்ட வந்து குலுக்கல் நின்னுடும், எனக்குப் பாடு வராதுன்னுதான் உக்காரச் சொன்னேன்."

ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எழுதுங்க. பெரியவர் மேல பழி போட்டது கேசவன்னு மட்டும் எழுதாதீங்க. நானும் போட்டேன்னு எழுதுங்க."